கேரவனுக்குக் குக்கரும் மிக்சியும் கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை பிறந்தால் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று கிளம்பும் பெற்றோர் நம் ஊரில் நிறையப் பேர். பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று உங்கள் நாளிதழிலும் அவ்வப்போது எழுதுகிறீர்கள். அதோடு சேர்த்து இதையும் பிரசுரிக்க வேண்டுகிறேன். மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான்.

போன வருடம் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, விட்பி பக்கம் கடற்கரையில் நான்கு நாள் தங்க அழைத்துப்போனார். நம்மூரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அது காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற ஒற்றை அறை வீடு. படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே. முகாம் மைதானத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மின் கம்பம் நிற்கும். நீல நிற மூன்று முள் இணைப்பும் ஆரஞ்சு கேபிளும் வைத்து அதிலிருந்து வண்டிக்குக் கரண்ட் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை நல்ல மழை, குளிர். பேத்திக்காக 1000 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த 700 வாட் ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்திருந்தாள். காபிக்கு வெந்நீர் வேண்டும் என்று மகள் தன் வீட்டு கெட்டிலைப் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எல்லாம் அணைந்துவிட்டது. மழையில் நனைந்தபடி மைதானத்துப் பொறுப்பாளர் வந்து கம்பத்தில் ட்ரிப்பானதைத் தூக்கிவிட்டார்.

கெட்டிலைத் திருப்பி அடியில் பார்த்தேன். 3000 வாட். கம்பத்திலோ 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. அங்கேயும் நம்மைப் போல 230 வோல்ட்தான். பத்தை 230-ஆல் பெருக்கினால் 2300 வாட், வண்டி முழுவதற்கும் அவ்வளவுதான். கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. ஃபிரிட்ஜையும் சேர்த்தால் அந்த நேரத்தில் 21 ஆம்பியர் இழுத்திருக்கிறோம். 16 ஆம்பியர் தரும் இடங்களும் உண்டு, 6 மட்டும் தரும் இடங்களும் உண்டு. போய் இறங்கியதும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேரவனுக்கென்றே 750 வாட் கெட்டில் கடையில் கிடைக்கிறது. ஒரு லிட்டர் கொதிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும், ஆகட்டும்.

ட்ரிப்பானதில் எனக்குக் கவலை இல்லை. அது தன் வேலையைச் செய்தது. அன்று இரவு பார்த்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கேபிள் 25 மீட்டர் நீளம். கம்பம் பக்கத்திலேயே இருந்ததால் மாப்பிள்ளை ஐந்தாறு மீட்டரை மட்டும் இழுத்துவிட்டு, மீதியை வந்தது வந்தபடி வளையமாகச் சுற்றி வண்டிக்கடியில் வைத்திருந்தார். டார்ச் அடித்துக்கொண்டு போய்ச் சுருளுக்குள் கையை விட்டேன். வெளிச்சுற்று சில்லென்று இருந்தது. உள்சுற்று, இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்துவைத்த சட்டை போலச் சூடு. பிளாஸ்டிக் உறை தொட்டால் குழைந்தது. சுருளாக இருந்தால் கம்பியின் சூடு வெளியேற வழியில்லை, உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். உறை இளகிவிட்டால் அப்புறம் ஷார்ட் சர்க்யூட், தீ. மேலே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. கம்பத்தில் கரண்டை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டு அவர் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "இது எனக்குத் தெரியாதே மாமா" என்றார். இருவருமாக முழுக் கேபிளையும் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் புல்லில் பரப்பினோம். எவ்வளவு பக்கத்தில் கம்பம் இருந்தாலும் கேபிளை முழுதாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று மிக்சி. நம் மிக்சி அங்கே நன்றாக ஓடும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பிளக்கில்தான். விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டரில் மாட்டியிருந்தாள் என் மனைவி. அதற்குள் எர்த் இணைப்பே கிடையாது. இரண்டு முள் பிளக் என்றால் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தித் திறந்து சொருகுகிறவர்களையும் பார்த்தேன். துளைகளை உள்ளே மறைத்திருக்கும் தடுப்பு குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்தது, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சட்னி அரைக்கும் மேடை எப்போதும் ஈரம். கேரவனில் கை நீட்டினால் ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் உலோகச் சட்டம். நான் அந்த ஊர் பிளக்கே வாங்கி, 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு மாற்றிக் கொடுத்தேன். நம் பழைய சிவப்பு, கறுப்பு, பச்சை வயர்கள் அங்கே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றுவது நல்லது.

வண்டிக்குள் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும், மின்கசிவு வந்தால் நொடியில் துண்டித்துவிடும். கரண்ட் கொடுத்ததும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழுந்து கரண்ட் நிற்கவில்லை என்றால் அந்த வண்டியில் சமைக்க வேண்டாம். கேபிளை முதலில் வண்டியில் மாட்டிவிட்டுப் பிறகு கம்பத்தில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் கம்பத்தில் கழற்றுங்கள், கரண்ட் உள்ள முனை கையில் இருக்கக்கூடாது. குக்கரைத் தலைக்குமேல் உள்ள அலமாரிக்கு நேர் கீழே வைக்காமல் ஜன்னலோரம் வைத்தால் ஆவி வெளியே போய்விடும்.

மறுநாள் காலை ஒரு அட்டையில் ஹீட்டர் 1000, குக்கர் 700, மிக்சி 750, ஃபிரிட்ஜ் 150 என்று எழுதி, கீழே 2300 என்று கோடு போட்டு, சமையல் மேடைக்கு மேலே ஒட்டினேன். அதற்குப் பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் மிக்சி போட்டோம். பேத்திதான் கூட்டிப் பார்த்து "இப்ப போடலாம் தாத்தா" என்று சொல்லுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
கரூர்.