இரண்டு டீலக்ஸ் பஸ்கள்

மண்டைவெளி, சென்னை

அன்புள்ள சுந்தரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. "மெட்ரோ, பறக்கும் ரயில், மேம்பாலம் எல்லாம் வந்தாச்சே, உங்க ஊர்ல இப்ப எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுறாங்களா?" என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அதே நினைப்புதான்.

போவதில்லை, சுந்தரம். நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்களில் மவுண்ட் ரோடு ஆபீசுக்கு அரை மணி நேரம் நடந்து போவோம், அரை மணி நேரம் நடந்து வருவோம். இப்போது என் மகன் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறான், வேலை கிண்டியில். மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். தூரம் பத்து மடங்கு கூடிவிட்டது, நேரம் அந்த அளவுக்குக் கூடவே இல்லை. வேகமாகப் போக ரயில் இருக்கிறது என்றதும் அவன் மிச்சம் பிடித்தது வாடகையை. கிண்டியில் ஒரு படுக்கையறைக்குக் கேட்கிற காசுக்கு அங்கே இரண்டு கிடைத்தது.

யாக்கோவ் சஹாவி என்ற போக்குவரத்துப் பொறியாளர் 1970களிலேயே உலக வங்கிக்காகப் பல நாட்டு நகரங்களை ஒப்பிட்டு இதைச் சொல்லியிருக்கிறார். சராசரியாக ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார். செலவிலும் அப்படித்தான்: கார் வைத்திருக்கும் குடும்பம் வருமானத்தில் 10 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும், இல்லாத குடும்பம் 3 முதல் 5 சதவீதம் வரையும் செலவழிக்கிறது. இந்த இரண்டுக்கும் உட்பட்டுத்தான் எவ்வளவு தூரம், எதில் போவது என்று முடிவாகிறதாம். படித்தபோது சரியென்று பட்டது. ஆனால் சராசரிக்குள் அடங்காத ஒருவரைத் தினமும் பார்க்கிறேனே.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை உனக்கு நினைவிருக்கும், போன தடவை உனக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாரே, அவர்தான். முன்பு நடந்து வரும் தூரத்தில் இருந்தார். அந்தக் குடிசைகளை எடுத்த பிறகு கண்ணகி நகரில் வீடு கொடுத்தார்கள். வேலை வீடுகள் எல்லாம் இந்தப் பக்கமே இருப்பதால் தினமும் பஸ்ஸில் வருகிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவரோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். டீலக்ஸ் பஸ் ஒன்று வந்தது, உட்கார இடமும் இருந்தது. ஏறவில்லை. அடுத்து வந்ததும் டீலக்ஸ், அதையும் விட்டார். அன்றுதான் சம்பளம் கொடுத்திருந்தோம், இடுப்பில் சுருக்குப் பை கனமாகவே இருந்தது. "இருக்கட்டும் சார், பிங்க் பஸ் வந்துரும்" என்றார். அது வர நாற்பது நிமிடம் ஆனது. பிங்க் பஸ் என்பது சாதாரணக் கட்டணப் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், டீலக்ஸில் கிடையாது. காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறார். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், தங்கள் சொந்த வீட்டு வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், அப்படிச் செய்யும் ஆண்கள் 97. நாலு வீட்டுப் பாத்திரம் கழுவிவிட்டுப் போய்த் தன் வீட்டிலும் அடுப்பு மூட்ட வேண்டியவருக்கு அந்த நாற்பது நிமிடம் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

ஆனாலும் அந்த இலவச டிக்கெட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று தெரிந்தது. முன்பெல்லாம் நல்லது கெட்டது என்றால்தான் இந்த அம்மா ராயபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவார். இப்போது மாதம் இரண்டு ஞாயிறு போய் வருகிறார், திரும்பும்போது கருவாடு வாங்கி வருகிறார். போகும் ஆசை எப்போதும் இருந்ததுதான், பஸ் காசு தடுத்து வைத்திருந்தது. அப்போது யாராவது இந்த ஊரில் பயணங்களை எண்ணியிருந்தால் அக்கா வீட்டுக்குப் போகும் இந்தப் பயணத்துக்குத் தேவையே இல்லையென்று எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இன்னொரு மேம்பாலத்துக்கு முன்னால், சாயங்கால நேரத்தில் இன்னும் நிறையச் சாதாரண பஸ் விட வேண்டும்.

அப்புறம், பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூர் வரை வராதே, தாம்பரத்திலேயே இறங்கிவிடு. மகன் வந்து அழைத்துப் போவான். அங்கே குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் நிதானமாக இங்கே வரலாம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
ராமு