படுவான்கரைக் கிணறுகளும் பொதுநோக்கு மண்டபமும்: திருப்பணி நிறைவு அறிக்கை

எமது சமூக நிதியத்தின் அங்கத்தவர்களுக்கும், ஊரிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் கைகொடுத்த அன்பர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் பகுதியிலுள்ள பட்டிப்பளைப் பிரதேசத்தின் மூன்று கிராமங்களில் நாம் பொறுப்பேற்ற வேலைகள் மாரி மழை தொடங்குவதற்கு முன்னரே முடிவடைந்தன. ஐந்து பொதுக் கிணறுகள் திருத்தப்பட்டுள்ளன; ஒரு பொதுநோக்கு மண்டபத்துக்குக் கழிப்பறைகளும் சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளமும் கட்டப்பட்டுள்ளன; குளத்தில் மீன்பிடிப்போருக்கு வலை வைக்கும் கொட்டில் ஒன்றும் எழுந்துள்ளது. கோயில் வேலைக்கு வழங்கும் 'திருப்பணி' என்ற சொல்லைக் கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் வைக்கலாமா என்று பொதுச்சபையில் சிலர் கேட்டிருந்தார்கள். கோயில் கணக்கைப் போல ஒரு சதமும் பிசகாமல் ஒப்புவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை மறவாதிருக்கவே அச்சொல்லை வைத்துக்கொண்டோம். கணக்காய்வு செய்யப்பட்ட வரவு செலவுக் கூற்று தனியே இணைக்கப்பட்டுள்ளது. அந்தப் பணம் யார் கையில், எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதையே இங்கு விளக்குகின்றோம்.

சமூக நிதியம் என்பது பலருடைய கொடைகளை ஒரே மூலநிதியாகச் சேர்த்து, முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை ஊர்ச் சங்கங்களுக்கு வழங்கும் அமைப்பாகும். இத்தகைய முதலாவது நிதியத்தை 1914 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் கொஃப் என்னும் வங்கியாளர் நிறுவினார். இறந்தவர்கள் என்றோ எழுதிவைத்த உயில்களில் கொடைப்பணம் பயனின்றி முடங்கிக் கிடப்பதைக் கண்ட அவர், காலத்துக்குக் காலம் ஊரின் தேவையை ஊரவரே பார்த்து முடிவெடுக்கும் ஒரு குழுவிடம் அதை ஒப்படைக்க வழி செய்தார். கோயில் வயலின் விளைச்சலில் பூசை நடப்பதையும், அதன் கணக்கைக் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஊருக்குச் சொல்வதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு விளங்கக் கடினமானதன்று.

படுவான்கரையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கரையோரத்துக்கு நிறுவனங்கள் பல வந்தன. அந்த உதவி அங்கு அவசியமாகவும் இருந்தது. வாவிக்கு மேற்கே, போரினால் பலமுறை இடம்பெயர்ந்து திரும்பிய கிராமங்களுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அத்துறையில் வாவியைக் கடக்கப் படகுப்பாதையையே நம்பியிருந்தார்கள். உதவி வராத இடத்தில் விண்ணப்பம் எழுதும் பழக்கமும் வளரவில்லை. அடுத்த உதவி வரும்போதும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களுக்கே அது போய்ச் சேருகிறது.

அந்தத் தவறை நாமும் செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகின்றோம். எமது முதல் அறிவித்தலில், தட்டச்சு செய்த பல பக்க விண்ணப்பமும், மூன்று விலைக்கோரல்களும், முன்னைய ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கைகளும் கேட்டிருந்தோம். வந்த விண்ணப்பங்கள் அனைத்தும் நகரை அண்டிய சங்கங்களுடையவை. கேட்ட நிபந்தனைகளுள் ஒன்றுகூட அநியாயமாக எமக்குத் தோன்றவில்லை. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து, யாருக்காக இந்த நிதி தொடங்கப்பட்டதோ அவர்களையே வெளியே நிறுத்திவிட்டன. ஆகவே அந்த அறிவித்தலை மீளப்பெற்று, குழு உறுப்பினர்கள் இருவர் இருவராகக் கிராமங்களுக்குச் சென்று, சங்கத்தவர்கள் வாயால் சொன்னதையே விண்ணப்பமாக எழுதி, அவர்களுக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றோம். பிரதேச செயலகப் பதிவும் சங்கத்தின் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும் என்று தீர்மானித்தோம். தெரிவுக் குழுவிலும் அப்பகுதியைச் சேர்ந்தவர்களுக்குப் பாதி இடம் கொடுத்தோம்.

வேலையை முடித்துப் பற்றுச்சீட்டுக் காட்டிய பின் பணம் தருவது பலருக்கும் பாதுகாப்பான முறையாகத் தெரியும். கைம்பெண்களும் கூலி வேலை செய்வோரும் நடத்தும் சங்கம் ஒன்று சீமெந்தையும் கம்பியையும் யாரிடம் கடன் சொல்லி வாங்கும்? எனவே முதல் தவணையை முன்பணமாகவே கொடுத்து, அடுத்த தவணையை வேலையை நேரில் பார்த்து விடுவித்தோம். சங்கத்தின் பஸ் செலவு, காகிதாதிகள், கணக்கு எழுதுபவரின் படி ஆகியவற்றையும் சேர்த்தே வழங்கினோம். கட்டடத்துக்குக் கொடுத்து அதை நடத்துபவரைப் பட்டினி போடும் உதவியில் எமக்கு உடன்பாடில்லை.

கிணறுகளை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் பொறுப்பேற்றார்கள். கோடையில் பூவல் எனப்படும் ஊற்றுக்குழி தோண்டி, ஊறும் வரை காத்திருந்து நீர் அள்ளியவர்கள் அவர்களே. எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எதில் உவர் ஏறும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. நாம் வீதியோரக் கிணற்றை முதலில் குறித்திருந்தோம். அவர்கள் அதை மாற்றி, ஊர்க்கோடியில், யானை வரும் பாதையருகே ஒதுங்கிய குடும்பங்கள் பாவிக்கும் கிணற்றை முதலாவதாக வைத்தார்கள். நீரை இறைத்து, தூர் எடுத்து, இடிந்த கிணற்றுக்கட்டை உயர்த்தி, கழிவுநீர் திரும்ப உள்ளே ஊறாதபடி சுற்றிவரச் சீமெந்துத் தளம் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடப்பட்டது.

மண்டபத்தில் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது. மேசனார் தம் அனுபவத்தின்படி கட்டிய சாய்தளம் பார்வைக்கு நன்றாக இருந்தது. மாற்றுத்திறனாளிகள் சங்கத்தைச் சேர்ந்த தங்கை ஒருவர் சக்கர நாற்காலியில் ஏற முயன்று பாதியில் நின்றுவிட்டார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதை அச்சங்கத்தவர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். நாம் அதை வரைபடத்தில் சேர்க்கத் தவறினோம். அதை உடைத்து மீளக் கட்டிய செலவு குழுவின் தவறாகக் கூற்றில் தனி வரியில் காட்டப்பட்டுள்ளது. சங்கத்தின் தொகையிலிருந்து அது கழிக்கப்படவில்லை.

நன்னீர் மீனவர் சங்கத்தின் கொட்டில் மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தது. தடிகளையும் உழைப்பையும் அவர்களே தந்தார்கள்.

ஐந்தாவது கிணற்றில் கடந்த கோடையில் உவர்ப்புக் குறையவில்லை. குளிக்கவும் துவைக்கவும் மட்டும் அது பாவிக்கப்படுகிறது. குடிநீர் பிரதேச சபையின் பவுசரிலிருந்தே இன்னும் வருகிறது. இதை முழுமையான நிறைவாக நாம் காட்டவில்லை. ஒப்பந்தகாரரிடம் பிடித்துவைத்த உத்தரவாதத் தொகை, மாரி கழிந்து கட்டுகளில் வெடிப்பு உண்டா என்று மாதர் சங்கத் தலைவி பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே விடுவிக்கப்படும். இரண்டாம் ஆண்டுக்கான பராமரிப்புப் பணம் மூன்று சங்கங்களின் கணக்குகளிலும் வைப்பிலிடப்பட்டுள்ளது. மூலப் பற்றுச்சீட்டுகளை அங்கத்தவர் எவரும் எமது அலுவலகத்தில் பார்வையிடலாம்.

இங்ஙனம்,
திருப்பணி உபகுழு சார்பில்,
செயலாளர்