நெதர்லாந்தின் எய்ந்தோவனில் இருக்கும் என் பெண்ணுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீயும் தம்பியும் போட்ட சண்டையை முழுவதும் படித்தேன். ‘இந்த நாடு ஜென்மத்துக்கும் உருப்படாது’ என்று நீ. ‘பிடிக்கவில்லை என்றால் அங்கேயே இரு, இங்கே நடப்பதைப் பேசாதே’ என்று அவன். போனில் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். தம்பிக்கும் இதைப் படிக்கக் கொடுப்பேன்.

முதலில் உன் பக்கம். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் லாரிகள் வருகிற வேகத்தைப் பார்த்து நீ பேரனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். அங்கே அதே பிள்ளை உன்னோடு தன் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறான். 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். இது நம் மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அரசே அச்சிட்டுத் தரும் எண்ணை நீ வாய்விட்டுச் சொன்னால் அது நாட்டைக் கேவலப்படுத்துவதாகாது. இதைத் தம்பியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் ‘அவர்கள் ரத்தத்திலேயே ஒழுங்கு இருக்கிறது, நமக்கு வராது’ என்று எழுதினாயே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ அனுப்பிய சைக்கிள் பாதைப் படங்களைப் பார்த்துவிட்டு அது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1971ல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே 1.3 கோடிதான். வகுத்துப் பார், இன்றைய நம் கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளைச் சாலையில் பறிகொடுத்தார். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. பெற்றவர்கள் பிள்ளைகளோடு தெருவை மறித்தார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அப்புறம் வருஷக்கணக்காகப் பாதை பாதையாகப் போட்டார்கள். இப்போது அங்கே வருஷத்துக்குச் சுமார் 700 சாவு. நடந்ததைக் கொலை என்றே சொன்னார்கள், பிறகு அங்கேயே நின்று வேலையும் பார்த்தார்கள். ‘நம் ஆட்கள் இப்படித்தான்’ என்று விட்டிருந்தால் இன்று உன் பிள்ளைக்கு அந்தப் பாதை ஏது?

‘அந்த டச்சுக்காரர்கள் மட்டும் யோக்கியமா’ என்று தம்பி கேட்டதிலும் உண்மை இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனவர்கள் டச்சுக்காரர்கள். அடிமை வணிகத்தில் தங்கள் நாட்டுக்கு இருந்த பங்குக்காக 2022 டிசம்பரில் அவர்களுடைய பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பழியை நம் ஊர்ச் சாக்கடைக்குப் பதிலாகக் காட்ட முடியாது என்று அவனிடம் சொன்னேன். அவன் பேசவில்லை.

என் பெருமை எது என்று கேட்டால் போலியோவைத்தான் சொல்வேன். நான் அந்த வேலை பார்த்தவள், உனக்கே தெரியும். சொட்டு மருந்து நாளன்று ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியும் முன் கிளம்புவேன். பஸ் ஸ்டாண்டு, செங்கல் சூளை, நரிக்குறவர் குடியிருப்பு என்று எதையும் விட மாட்டோம். குப்பியின் மேல் ஒட்டிய வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருக்கும். அது வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் மருந்து வெப்பத்தில் கெட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். சொட்டு போட்ட பிள்ளையின் இடது சுண்டு விரலில் மை வைப்போம். மறுநாள் வீடு வீடாகப் போய் மை இல்லாத விரலைத் தேடுவோம்.

வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை கால் துவண்டால் உடனே தகவல் கொடுக்க வேண்டும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். போலியோ இல்லாவிட்டாலும் வேறு காரணத்தால் கை கால் துவள்கிற பிள்ளைகள் எந்த ஜில்லாவிலும் சிலர் இருப்பார்கள். அதனால் ‘எங்கள் பக்கம் ஒரு கேஸும் இல்லை’ என்று எழுதினால் யாரும் மெச்ச மாட்டார்கள். ‘ஒழுங்காகத் தேடினீர்களா?’ என்று கேட்பார்கள். 2009ல் இந்தியாவில் 741 போலியோ கேஸ், உலகத்திலேயே அதிகம். அந்த எண்ணை நாமே உலகத்துக்குச் சொன்னோம். 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு குழந்தை, அதோடு சரி. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தபோது நான் அழுதேன். 1992-93ல் நீ இருக்கும் நாட்டிலேயே, மத நம்பிக்கையால் தடுப்பூசி போடாத ஊர்களில் போலியோ பரவி 71 பேரைத் தாக்கியது தெரியுமா? அவர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. ரத்தத்தில் ஒழுங்கு என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

போலியோவை ஒழித்த நம் நாட்டில்தான் இன்னமும் மனிதன் மலக்குழியில் இறங்கி விஷவாயு தாக்கிச் சாகிறான். அப்படி ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தாகிவிட்டது. பாதாளச் சாக்கடையில் செத்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் பேப்பரில் அந்தச் செய்தி வருகிறது. சாகிறவர்கள் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். போலியோவுக்குத் தெருத் தெருவாகத் தேடத் தெரிந்த நமக்கு இதற்கு மட்டும் ஏன் தெரியவில்லை? வலது சாய்ந்த பேச்சோ இடது சாய்ந்த பேச்சோ எனக்கு வேண்டாம், இதற்குப் பதில் வேண்டும். இதை நான் கேட்டால் தம்பி என்னையும் ‘அங்கே போ’ என்பானா?

நீ திட்டு பாப்பா. உனக்கு உரிமை இல்லை என்று யார் சொன்னாலும் கேட்காதே. திட்டும்போது ‘நீங்கள்’ என்று எழுதுகிறாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது. ‘நாம்’ என்று எழுது.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். பேரன் பள்ளிக்கூட வாசல் தெருவைப் படம் எடுத்து அனுப்பு. தெரு எத்தனை அகலம், வேகத்தடை பள்ளிக்கு எவ்வளவு தூரத்தில் ஆரம்பிக்கிறது, கடக்கும் இடத்தை எப்படி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், எல்லாம் அளந்து எழுது. மாப்பிள்ளை டேப் பிடிப்பார். அக்டோபர் 2 கிராம சபையில் நம் பள்ளிக்கூட ரோட்டுக்கு மனு கொடுக்கப்போகிறேன். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்று தட்டிக்கழிப்பார்கள், அதனால் துறைக்கும் ஒரு நகல் போகும். மனுவைத் தம்பிதான் டைப் அடிக்கிறான். கேட்டதும் சரி என்றான். படங்களை அவனுக்கே நேரடியாக அனுப்பு.

அன்புடன்,
அம்மா