சித்தி கேட்டதும் மிஷ்கினும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாருக்கும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. உன் அம்மாவை வடசேரியில் பார்த்தேன். நீ போன் பண்ணுவதே இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். முதலில் அதைச் சரிபண்ணு. கணக்கு வாத்தியார் இன்னமும் உன்னைக் 'கலெக்டர்' என்றுதான் விசாரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த, தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலைப் படித்து முடித்தேன். அதன் நாயகன் மிஷ்கினால் யாருக்கு என்ன லாபம் என்று ஹாஸ்டலில் நீ கத்தினாயே, ஒரு வகையில் அது சரிதான். கிறிஸ்துவைப் போல ஒரு மனுஷனை பீட்டர்ஸ்பர்க்கில் நடமாட விடுகிறார் தஸ்தயேவ்ஸ்கி. அவனால் யாரும் பிழைக்கவில்லை. நஸ்தஸ்யா குத்துப்பட்டுச் சாகிறாள், அவளைக் கொன்ற ரகோஷின் தண்டனை பெற்றுச் சைபீரியாவுக்குப் போகிறான், மிஷ்கினும் புத்தி கலங்கி சுவிட்சர்லாந்துக்கே திரும்புகிறான். பேருக்கு ஒரு அற்புதம்கூட இல்லை.

ஆனால் ரகோஷின் வீட்டுக் கதவுக்கு மேலே தொங்கும் அந்தப் படத்தை நீ பேசவே இல்லை. கல்லறைக்குள் கிடக்கும் கிறிஸ்து, ஓவியர் ஹோல்பைன் வரைந்தது. மூலப்படம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளம், உயரம் ஒரு அடிதான். வாய் திறந்தபடி, கண் செருகி, கையும் காலும் நிறம் மாறிப்போய், அழுகத் தொடங்கும் சாதாரணப் பிணம். 1867இல் அதைப் பார்த்துத் தஸ்தயேவ்ஸ்கி அசையாமல் நின்றுவிட்டாராம். வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து மனைவிதான் கையைப் பிடித்து நகர்த்தியிருக்கிறார். இதைப் பார்த்தால் சிலருக்கு விசுவாசமே போய்விடும் என்கிறான் மிஷ்கின். நாவலில் சாகக்கிடக்கும் இளைஞன் இப்போலித் இன்னும் ஒரு படி போகிறான்: இந்த உடலைக் கண்ணால் கண்ட சீடர்கள், இது எழுந்து வரும் என்று எப்படி நம்பினார்கள்?

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒக்கிப் புயலில் போன சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும், நமக்குச் சூரை மீன் பொரித்துத் தந்தவர். 2017 நவம்பர் கடைசியில் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கத் தங்கல் போன அவரது படகு திரும்பவில்லை. பிறகு ஓர் உடல் கிடைத்து, டி.என்.ஏ. பார்த்து அவர்தான் என்றார்கள். பெட்டியைத் திறக்க விடவில்லை. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுச் சித்தி என்னிடம் கேட்டாள்: "மக்களே, உள்ளே கிடக்கது அவருதானா? கடல் தின்னது போக மிச்சத்தையா ஆண்டவர் எழுப்புவாரு?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. கேட்டவள் மறுநாள் காலைப் பூசைக்குப் போய்விட்டாள். எனக்கோ, விசுவாச அறிக்கையில் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்ற இடம் வந்தால் குரல் இறங்கிவிடுகிறது.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் இது ஏட்டுச் சந்தேகம் இல்லை. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1868இல்தான் ஜெனீவாவில் கைக்குழந்தையைப் புதைத்தார். தான் சந்தேகத்தின் பிள்ளை, சாகும்வரை அப்படித்தான் இருப்பேன் என்று 1854இலேயே கடிதம் எழுதியவர். அந்த மனுஷனிடமிருந்து வந்த மிஷ்கின் என்பதால்தான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை.

நீ லாபம் கேட்டாய். கடைசி இரவை எடுத்துக்கொள். உள்ளே நஸ்தஸ்யாவின் உடல் கிடக்கிறது. கொன்றவன் பக்கத்தில் பிதற்றுகிறான். மிஷ்கின் அவனைக் கேள்வி கேட்டுக் குடையவில்லை, உபதேசமும் இல்லை. தலையையும் கன்னத்தையும் தடவிக்கொண்டே இருக்கிறான். அவன் கண்ணீர் ரகோஷினின் கன்னத்தில் வழிகிறது. விடியும்போது மிஷ்கினுக்கு ஆட்களே அடையாளம் தெரியவில்லை.

சித்தப்பா வராத நாட்களில் சித்தி வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், கேமராவும் வந்தது. இன்றைக்கும் சித்தி சொல்வது அடுத்த வீட்டுக்காரியைப் பற்றித்தான். பைப்படிச் சண்டையில் பேச்சுவார்த்தை முறிந்தவள், உடல் வரும்வரை சித்தியின் பாயிலேயே படுத்துக்கொண்டாளாம். ஆறுதலாக என்ன சொன்னாள் என்று கேட்டேன். எதுவும் சொன்னதாகச் சித்திக்கு நினைவில்லை.

மிஷ்கின் தோற்றவன் என்றால், இவளை என்னவென்று சொல்வாய்? சும்மா கேட்கவில்லை, பதில் எழுது. கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால், இப்போலித் வாசிக்கும் அந்த நீண்ட அறிக்கையை மறுபடி படித்துவிட்டு வா. சித்தியிடம் கூட்டிப்போகிறேன்.

உன்,
பழைய ரூம்மேட்