கலைக் கல்லூரியில் கணினி: தமிழ்ப் பாடவேளையைப் பறிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததிலிருந்து எங்கள் மஞ்சக்குப்பத்தில் காலை நடைக்குப் போகிறவர்கள்கூடக் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் போனால் மட்டுமே கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் என்பது பெற்றோர் பலருடைய கணக்கு. 12 ஆண்டுகளுக்கு முன் கடலூரில் அந்தப் பட்டப்படிப்பை முடித்தவள் நான். "ஆர்ட்ஸ் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து என்னம்மா செய்யப் போகிறாய்?" என்று பெரியப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது புதுச்சேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். பெரியப்பாவுக்குப் பதில் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கேட்ட கேள்விக்குக் கல்லூரிகளே அஞ்சி, தங்களிடம் மட்டுமே உள்ள ஒன்றைக் கைவிடத் தொடங்கியிருப்பதால் எழுதுகிறேன்.

சென்ற கல்வியாண்டில் கடலூர் வட்டாரக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். ரெட்டிச்சாவடியில் பேருந்து நெடுநேரம் நின்றுவிட்டதால் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு கணினி வகுப்பின் வாசலில் தமிழ்ப் பேராசிரியர் வருகைப் பதிவேட்டுடன் நின்றிருந்தார். உள்ளே, அவருடைய பாடவேளையில், வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் நேர்காணலில் எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைவாய்ப்புப் பயிற்சி என்றால் முதலில் கை வைப்பது தமிழ் வேளையில்தான் என்று அந்தத் தமிழ்ப் பேராசிரியர் வருத்தம் காட்டாமல் சொன்னார். பழகிவிட்டது போலும்.

நான் படித்த காலத்தில் எங்கள் இறுதியாண்டுச் செயல்திட்டம், கல்லூரி நூலகத்தின் தமிழ் நூல்களுக்குக் கணினியில் அகரவரிசைப் பட்டியல் தயாரிப்பது. நான்கு பேர் சேர்ந்து இரண்டு மாதம் உழைத்து முடித்து, வழிகாட்டியிடம் கையொப்பமும் வாங்கிவிட்டோம். நூலகத்துக்கு வந்த தமிழ்த்துறைப் பேராசிரியை ஒருவர் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "னகரம் எப்போது ரகரத்துக்கு முன்னால் வந்தது?" என்று கேட்டார். மரம், மலர், மழை, மனம் என்று வர வேண்டிய சொற்களை எங்கள் நிரல் மனம், மரம், மலர், மழை என்று அடுக்கியிருந்தது. பக்கம் என்ற சொல்லுக்கு முன்னால் பகல் வந்து உட்கார்ந்திருந்தது.

காரணத்தைத் தேடிப் போனபோதுதான் பாடம் தொடங்கியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகளின் இடம், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையைத் தழுவியது. அதனால் நெடுங்கணக்கின் கடைசி மெய்யாகிய னகரத்துக்கு அங்கே 'ந' எழுத்தை அடுத்த இடம் கிடைத்தது. புள்ளியோ எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் தள்ளப்பட்டது. எண் வரிசையை அப்படியே நம்புகிற நிரல், மெய் முதலில், உயிர்மெய் பிறகு என்ற நம் ஒழுங்கை எங்ஙனம் அறியும்? 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். கணினி நிரல் மகரத்தின் கொக்கியையும் ழகரத்தின் புள்ளியையும் தனியே எண்ணி ஐந்து என்று சொல்லும். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அதுவே 15 பைட்டு, அதாவது 15 நினைவக அலகு. நன்னூலின் எழுத்தியலைத் தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து மறந்திருந்த நாங்கள், அந்தப் பேராசிரியை முன்னால் உட்கார்ந்து மீண்டும் படித்தோம். மூன்று ஆண்டுகளில் நான் கற்ற மிகச் சிறந்த கணினிப் பாடம் அது என்று தயங்காமல் சொல்வேன். தமிழ்த்துறை அடுத்த கட்டடத்தில் இல்லாதிருந்தால், தவறான பட்டியலுக்கே முழு மதிப்பெண் பெற்று வெளியே வந்திருப்போம்.

கலைக் கல்லூரிக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதன்று. பேசிக் என்ற நிரல்மொழி 1964இல் பிறந்தது அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில். அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பதற்காகவே ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் அதை உருவாக்கினார்கள். மனிதர் பேசும் சொற்களிலேயே நிரல் எழுத முடியும் என்று வாதாடி, கோபால் (COBOL) என்ற நிரல்மொழிக்கு வழியமைத்த கிரேஸ் ஹாப்பர், வாசர் என்ற பெண்கள் கலைக் கல்லூரியில் கணிதம் படித்து அங்கேயே கற்பித்தவர். நம்மூரில் நடப்பதுதான் வேடிக்கை. அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் பொறியியல் மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற தாள்களைச் சேர்த்திருக்கிறது. அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதை, வீட்டுக்குள் வைத்திருக்கும் நாம் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. மின்சாரம் போனால் அன்றைய செய்முறை அடுத்த வாரம்தான். துணைப் பாடமான கணிதம் போதிய அளவு இல்லாததால் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ.வின் முதல் பருவத்தில் மூச்சுத் திணறினேன். பி.இ. இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நிறுவனம் என் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் மருந்து நல்ல ஆய்வகமும் கூடுதல் கணிதமுமே அன்றி, தமிழ் வேளையில் கை குலுக்கும் பயிற்சி அன்று. எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுகள் என்பதால் பட்டப்படிப்போடு சேர்த்து ஐந்தாண்டுகளில் முதுநிலைப் பட்டம் கிடைத்துவிடும் என்பதையும் பெற்றோர் கணக்கில் கொள்ளலாம்.

கடலூர் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு வேறு துறைப் பேராசிரியர் ஒருவரை இரண்டாம் வழிகாட்டியாக வைத்து, மதிப்பெண்ணில் ஒரு பங்கை அவரிடம் கொடுக்க வேண்டும். பொருளாதாரத் துறையோடு சேர்ந்து கடலூர் துறைமுகத்தின் மீன் ஏல விலைகளைப் பதிவு செய்யலாம். வரலாற்றுத் துறையோடு சேர்ந்து கடலூரில் ஆங்கிலேயர் வைத்திருந்த புனித டேவிட் கோட்டைக்கு ஒரு தரவுத்தளம் அமைக்கலாம். புதுச்சேரியில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. அவற்றில் பெரும்பாலானவை தென்னாட்டில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் உள்ளவை. அந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததோ 2014இல்தான். இத்தகைய சுவடிகளை, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் மூலம் கணினியைப் படிக்கவைக்கும் வேலைக்கு, மொழியும் நிரலும் தெரிந்த பிள்ளைகள் வேண்டாமா?

வேலைவாய்ப்புப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாலையில் வைத்தால் பேருந்து தவறிவிடும் என்பதும் தெரியும். சனிக்கிழமை முற்பகலில் வைத்துக்கொள்ளலாம். அன்று வாசலில் நின்ற பேராசிரியரிடம் அவருடைய பாடவேளையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
மஞ்சக்குப்பம், கடலூர்.