முன்கண்ணாடி மூக்கு மட்டம் வரை போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கான யோசனைகள் வந்திருந்தன. ஹெல்மெட், டயர் காற்று, வழியில் தண்ணீர் குடிப்பது எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். விண்ட்ஷீல்ட், அதாவது எதிர்க்காற்றைத் தடுக்க வண்டியின் முன்னால் மாட்டுகிற கண்ணாடி பற்றி மட்டும் ஒரே வரி: எவ்வளவு உயரமாகப் போடுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பாம். அது தவறு, அதிலும் மழையில் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்தான தவறு என்பதால் உடனே எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாக வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் புல்லட்டில் போய் வருகிறேன், போக வர 160 கிலோமீட்டர் ஆகும். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். எதிர்க்காற்று நெஞ்சில் அறைந்து அறைந்து மாலையில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்ததால் விண்ட்ஷீல்ட் போடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். “புல்லட்டா அண்ணாச்சி? எல்லாரும் இதத்தான் போடுறாங்க” என்று இருப்பதிலேயே பெரியதை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிக் கொடுத்தார்கள். வண்டியில் உட்காருங்கள், கண் எங்கே வருகிறது பார்ப்போம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தால் அதன் மேல் விளிம்பு என் நெற்றிக்கு மேலே நின்றது. பகலில் ஒரு மாதம் சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஐப்பசி வந்தது. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல், பணகுடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. காருக்கு வைப்பர் இருக்கிறது, நம் கண்ணாடிக்குக் கிடையாது. ஹெல்மெட் கண்ணாடியை இடது கை விரலால் வழித்துவிடலாம், முடியாவிட்டால் தூக்கிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டலாம். அதற்கு முன்னால் நிற்கும் இந்தப் பெரிய பலகையை என்ன செய்வது? முப்பந்தல் பக்கம் எதிரே ஒரு லாரி வந்ததும் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காக மாறி, கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒரு மாதத்தில் விழுந்திருந்த கீறல்கள் வேறு அந்த வெளிச்சத்தில் கம்பி கம்பியாக மின்னின. சாலை போன இடம் தெரியவில்லை. ஃபுட்ரெஸ்டில் அழுத்தி எழுந்து நின்று விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன், பத்துப் பதினைந்தடியில் ஒரு மாடு குறுக்கே நிற்கிறது. வேகம் குறைவாக இருந்ததால் நிறுத்த முடிந்தது. எழுந்து பார்க்காமல் இருந்திருந்தால் நேராகப் போய் மோதியிருப்பேன்.

பைக்கின் விண்ட்ஷீல்ட் ஊடே பார்ப்பதற்கானது இல்லை, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். இதை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கடையில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மேல் விளிம்பு மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட மட்டத்தில் இருந்தால் போதும், ஏனென்றால் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கேயே நின்றுவிடாமல் இன்னும் சில அங்குலம் மேலே எகிறி ஹெல்மெட் உச்சியைத் தொட்டோ தாண்டியோ போகும். கண்ணாடி தலை வரைக்கும் இருந்தால்தான் தலையில் காற்று படாது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் காரணம்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டு, வழக்கமாகப் போடும் ஷூ, ஹெல்மெட்டோடு, வழக்கமாக முதுகை எப்படி வைப்பீர்களோ அப்படியே உட்காருங்கள். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து அளந்தால் கணக்குத் தப்பும், அரை மணி ஓட்டியபின் யாரும் அப்படி உட்காருவதில்லை. சுமார் 15 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு செங்கல்லை வைத்து அதைப் பாருங்கள். விண்ட்ஷீல்ட் வரவேண்டிய இடத்தில், அது சாய்ந்து நிற்கும் அதே சாய்வில், இன்னொருவர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உயர்த்தட்டும். செங்கல் மறையும் இடத்தில் ஒரு கோடு. அதிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு, அதுதான் உங்கள் அளவு. எங்கள் வீட்டு முற்றத்தில் என் மனைவி பழைய மிக்சி பெட்டியின் அட்டையைப் பிடித்து, டெய்லர் டேப்பால் அளந்து சொன்னாள்: கடையில் கொடுத்தது எனக்கு 11 சென்டிமீட்டர் அதிகம். பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும், அப்போது விளிம்பும் கண்ணுக்கு நேராக ஏறிவரும். அதனால் எப்போதும் இருவராகப் போகிறவர்கள் பின்னால் ஆளை உட்கார வைத்தே அளக்க வேண்டும். சீட்டில் புது ஃபோம் போட்டாலும், பழைய ஃபோம் அமுங்கிப்போனாலும் கணக்கு மாறும்.

ஆளின் உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொல்வதும் சரியல்ல. ஐந்தடி எட்டு அங்குலம் உள்ள இரண்டு பேரை ஒரே வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள், ஒருவருக்குக் கால் நீளம், ஒருவருக்கு உடம்பு நீளம், கண்மட்டம் இரண்டு மூன்று அங்குலம்கூட வித்தியாசப்படும். வண்டியின் சீட்டு உயரம் வேறு, ஹேண்டில்பார் நம்மை எவ்வளவு குனிய வைக்கிறது என்பது வேறு. ஆக, மாடல் பெயரைச் சொல்லி ஆன்லைனில் வாங்குகிற கண்ணாடி வண்டியில் சரியாகப் பொருந்தும், ஆனால் நமக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஏற்கெனவே போட்டிருப்பவர்கள், தலை கிடுகிடுவென்று ஆடுகிறது, காதில் இரைச்சல் தாங்கவில்லை என்றால், ஆளில்லாத நேரான சாலையில் 60, 70 வேகத்தில் சற்றுக் குனிந்து பார்க்கட்டும், பிறகு சற்று எழும்பிப் பார்க்கட்டும். எழும்பினால் இரைச்சல் அடங்குகிறது என்றால் கண்ணாடியைக் குறைக்கலாம், குனிந்தால் அடங்குகிறது என்றால் கொஞ்சம் உயரம் வேண்டும். சுழன்று சுழன்று வரும் காற்று ஹெல்மெட் நெற்றியில் அடிப்பதைவிட, கண்ணாடியே இல்லாமல் நேராக வரும் காற்று எவ்வளவோ மேல். கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் முதுகுப் பக்கமிருந்து காற்று முன்னால் தள்ளும். ஹெட்லைட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் அது பெருமளவு குறையும்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதற்காகத்தானே அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கும் இதே பாடுதான். ஹேண்டில்பாரில் மாட்டிய பெரிய கண்ணாடியில் பக்கக்காற்று அடித்தால் அது நேராக ஹேண்டிலையே திருப்பும். வண்டிச் சட்டத்தில் பொருத்துகிற வகையில் இந்தத் தொல்லை குறைவு, புல்லட் மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஹேண்டில்பார் வகைதான் கிடைக்கிறது. அதனாலேயே சின்னதாகப் போடுவது நல்லது. சித்திரை வெயிலில் நெஞ்சுக்குக் காற்றே வராமல் வேகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது. இந்தக் கண்ணாடிகளில் சில பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், அது எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறும், பெட்ரோல் பட்டால் மங்கி வெடிப்பு விடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் பூச்சியெல்லாம் ஊறித் தானாக வந்துவிடும்.

என் கண்ணாடி அக்ரிலிக் என்ற வேறு பிளாஸ்டிக் என்பதால் நேம் போர்டுக்கு அக்ரிலிக் வெட்டுகிற கடையில் கொடுத்து 11 சென்டிமீட்டரைக் குறைத்து, விளிம்பை வழுவழுப்பாகத் தேய்த்து வாங்கினேன். இப்போது மழையிலும் சாலை என் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, நெஞ்சில் காற்றும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரியைத் திருத்தி வரும் ஞாயிறே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்று அளவில் வெறும் அட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், வாங்க வருகிறவரை அவர் வண்டியிலேயே உட்கார வைத்துக் காட்டுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? என் மச்சான் ஆறடி, எனக்கு வெட்டிய கண்ணாடி அவருக்குத் தாழ்வு. என் வண்டியை அவர் எடுத்துப் போகும்போதெல்லாம் விண்ட்ஷீல்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு புல்லட் ஓட்டுநர்,
நாகர்கோவில்.