ட்ரம்பெட் பழகும் தம்பிக்கு, டெம்போஸ் குழுவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வைத்து வாசிக்கிற ஆப்பிரிக்க இசையெல்லாம் வெள்ளைக்காரனிடம் வாங்கிய கடன்தான் என்று அன்றைக்குச் சொன்னாய். எனக்கு மனசு ஆறவில்லை. கானா நாட்டு ட்ரம்பெட் கலைஞர் இ.டி. மென்சாவையும் அவருடைய டெம்போஸ் குழுவையும் நீ தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

இன்றைய கானா அப்போது கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. தலைநகர் அக்ராவில் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் மேல்தட்டு மக்களுக்காக வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் போன்ற மேல்நாட்டு நடன இசையை வாசித்தன. நடுவே சில உள்ளூர் மெட்டுகளும் உண்டு. பள்ளிக்கூடப் பையனாக அப்படி ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சிறுகுழல் ஊதியவர் மென்சா. பிற்பாடு மருந்தாளுநராகப் படித்து வேலை பார்த்தார், வாசிப்பை விடவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அக்ராவுக்கு வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்தார்கள், அவர்களோடு ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையும் வந்தது. அந்தச் சூழலில் பிறந்ததுதான் டெம்போஸ். முதலில் வெள்ளையரும் அதில் வாசித்தார்கள். போர் முடிந்து அவர்கள் போனபிறகு அது முழுக்க உள்ளூர்க்காரர்களின் குழுவானது. 1947-இல் சேர்ந்த மென்சா சீக்கிரமே தலைவரானார்.

அப்புறம் நடந்ததுதான் உனக்கான பதில். ஆர்கெஸ்ட்ராவின் கூட்டம் இல்லாத சின்னக் குழு அது. ஒவ்வொரு ஊதுகருவியும் தனித்தனியாகக் காதில் விழும். டிரம்மர் கை வாரன் லண்டனில் பழகிய போங்கோ என்ற இரட்டை மேளத்தையும் கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ இசையையும் குழுவுக்குள் கொண்டுவந்தார். பாட்டோ அந்த ஊர் மொழிகளான கா, துவி, ஃபான்டே, எவே ஆகியவற்றில். ஓரத்தில் இருந்த ஹைலைஃப் என்ற உள்ளூர் நடன இசை இப்படித்தான் நடனக்கூடத்தின் நடுவுக்கு வந்தது. கருவி எங்கே செய்ததாக இருந்தால் என்ன, ஆடுகிறவர்களின் காலை நடத்தியது அந்த மண்ணின் தாளம்.

1950 முதல் நைஜீரியாவுக்குப் போனார்கள். அங்கே ஸ்விங்கும் வால்ட்ஸும் வாசித்துக்கொண்டிருந்த பாபி பென்சன் போன்றவர்கள் ஹைலைஃபுக்கு மாறினார்கள். நைஜீரிய ட்ரம்பெட் கலைஞர் விக்டர் ஒலையாவும் அந்தத் தாக்கத்தில் வளர்ந்தவர்தான். 1952-இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கியதும் இசைத்தட்டுகள் மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவின.

1956 மே மாதம் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ராவுக்கு வந்தார். விமான நிலையத்திலேயே உள்ளூர் வாத்தியக்காரர்கள் டெம்போஸின் புகழ்பெற்ற ஹைலைஃப் பாட்டான 'ஆல் ஃபார் யூ' வாசித்து வரவேற்றார்கள். மென்சாவின் பாரமவுண்ட் கிளப்பில் அவரும் மென்சாவும் சேர்ந்து வாசித்தார்கள். நீ தலையில் வைத்துக் கொண்டாடும் அதே ஆம்ஸ்ட்ராங்! மறு ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி கானா விடுதலை அடைந்தபோது, அதற்கென்றே 'கானா ஃப்ரீடம்' என்ற பாட்டை டெம்போஸ் பாடியிருந்தது. ஆண்களே நிறைந்திருந்த அந்த மேடையில் ஜூலி ஓகைன் என்ற பெண்ணும் பாடினார். அவரைப் பற்றி இன்னும் நிறையப் பேர் பேசவேண்டும் என்பது என் ஆசை.

சரி, 'ஆல் ஃபார் யூ'வை இன்று இரவே கேள். முதல் தடவை ட்ரம்பெட்டை விட்டுவிட்டுத் தாளக்கருவிகளை மட்டும் கவனி. இரண்டாம் தடவை ட்ரம்பெட் அந்தத் தாளத்தின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று பார். ஞாயிற்றுக்கிழமை வாத்தியத்தோடு வா, அதே மெட்டை வாசித்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்